எம்னாவுக்கு வேலை இல்லை

"இவ வேண்டாம் சார்."

எம்னா எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் காதில் விழட்டும் என்றேதான் மன்னூபியா சொன்னாள்.

லஸாதுக்குச் சங்கடமாகிவிட்டது. பிஸெர்த் நகரத்தில் இருந்த அந்தப் பெண்கள் விடுதிக்கு அவர் இயக்குநராக வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வீட்டை விட்டு ஓடியவர்கள், திருட்டில் பிடிபட்டவர்கள், கோர்ட்டு அனுப்பிவைத்தவர்கள் என்று வயசுப் பெண்களாக இருக்கிற இடம். வேலைக்கு வருகிறவர்கள் அங்கே நிலைப்பதில்லை. கடைசியாக வந்த ராத்திரிப் பொறுப்பாளர், ஒரு பெண் தட்டைத் தூக்கி எறிந்ததும் மறுநாளே கம்பி நீட்டிவிட்டாள். விடுதிக் காப்பாளர் மன்னூபியா ஒருத்திதான் எத்தனையோ இயக்குநர்களைப் பார்த்துவிட்டு அசையாமல் இருந்தாள்.

அந்த நேரத்தில் எம்னா வேலை கேட்டு வந்தது பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. இதே விடுதியில் வளர்ந்தவள். தலைநகர் தூனிஸுக்குப் போய்ப் படித்துப் பட்டம் வாங்கியவள். அடுத்த முறை அமைச்சகத்து ஆட்கள் வரும்போது இவளைத்தான் முன்னால் நிறுத்தவேண்டும் என்று லஸாத் மனசுக்குள் முடிவே செய்திருந்தார்.

பேச்சும் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"தூனிஸ்ல ஆஸ்பத்திரி வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்களே, அதை விட்டுட்டு இங்க ஏம்மா?" என்று கேட்டார்.

"திங்கக்கிழமை வரைக்கும் டைம் குடுத்திருக்காங்க சார். ஆனா அங்க யாரையும் தெரியாது. ராத்திரி முழுக்க முழிச்சுக்கிட்டே கிடக்குறேன். சித்தி கேட்டைப் பூட்டுற சத்தம் கேட்டாத்தான் எனக்குத் தூக்கமே வரும்" என்று எம்னா மன்னூபியாவைப் பார்த்துச் சிரித்தாள்.

லஸாதும் சிரித்தார். மன்னூபியா சிரிக்கவில்லை. அப்போதுதான் இவள் வேண்டாம் என்று சொன்னாள்.

"ஏன் வேண்டாங்கிறீங்க? நீங்க வளர்த்த பொண்ணுதானே?"

"வளர்த்ததாலதான் சொல்றேன். சமையக்காரம்மா கம்மலைத் திருடினவ இவ."

எம்னாவின் முகம் வெளுத்துப்போனது.

"சித்தி... அப்ப நான் சின்னப் பொண்ணு. ரெண்டு நாள் சாப்பிடாம அழுது, நானே கொண்டாந்து உங்க கையிலதானே குடுத்தேன்?"

"குடுத்தா? எடுத்த கை எடுத்த கைதான்."

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணீங்களே சித்தி!"

மன்னூபியா மேஜை மேலிருந்த துணியை எடுத்து, சுத்தமாக இருந்த இடத்தையே துடைத்தாள்.

எம்னா எழுந்தாள். வரும்போது மன்னூபியாவுக்காக ஒரு பெட்டி மக்ரூத் வாங்கி வந்திருந்தாள். பேரீச்சம்பழம் வைத்த அந்த இனிப்பென்றால் சித்திக்கு உயிர் என்று அவளுக்குத் தெரியும். அதை அங்கேயே விட்டுவிட்டாள்.

"எனக்குக் கல்யாணம்னு ஒண்ணு நடந்தா அம்மா இடத்துல நீங்கதான் நிக்கணும்னு நெனச்சிருந்தேன். இனிமே இந்த வாசலை மிதிச்சா என்னன்னு கேளுங்க."

"மிதிக்காதே" என்றாள் மன்னூபியா.

கதவு அறைந்து சாத்திக்கொண்டது.

லஸாதுக்கு ரத்தம் கொதித்தது. "உங்களுக்கு நெஞ்சுல ஈரம்னு ஒண்ணு இருக்கா? வயித்தெரிச்சல்! அதட்டி வளர்த்த பொண்ணு படிச்சிட்டு வந்து தனக்குச் சரிசமமா உக்காந்துடப் போறாளேன்னு வயித்தெரிச்சல்! நான் அவளைக் கூப்பிடப்போறேன்."

போனை எடுத்தார். மன்னூபியா சட்டென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். 

"கூப்பிடாதீங்க சார். உங்களைக் கெஞ்சிக் கேக்குறேன்."

"காரணத்தைச் சொல்லுங்க."

"அவ வேலைக்கு வரல சார். வெளியில இருக்கப் பயந்துக்கிட்டு வர்றா. இன்னும் கொஞ்ச நாள் தாக்குப் பிடிச்சா பழகிடும். ஒரு சிநேகிதி கிடைப்பா. எவனாவது பின்னாடியே சுத்துவான். சண்டை போடுவா, சமாதானம் ஆவா. இங்க வந்துட்டா என்ன இருக்கு? பூட்டணும், திறக்கணும்."

"இதை அவகிட்டயே பதமாச் சொல்லியிருக்கலாமே? எதுக்குத் திருட்டுப் பட்டம்?"

"பதமாச் சொன்னா என் மடியில விழுந்து அழுவா. நான் உருகிப் போயிடுவேன். வெறுத்தாத்தான் சார் போவா."

மன்னூபியா ஜன்னலுக்குப் போனாள். வெளியே எம்னா கண்ணைத் துடைத்துக்கொண்டே சாலையைத் தாண்டி, தூனிஸ் போகிற வேனில் ஏறினாள்.

"திரும்பிப் பாக்கல" என்றாள் மன்னூபியா. அதில் நிம்மதி இருந்தது. ஆனால் தலைத்துணியின் ஓரத்தால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

லஸாதுக்குக் கோபம் முழுசாகத் தணியவில்லை. "அவ வாழ்க்கை எப்படிப் போகும்னு உங்களுக்கு என்ன ஜோசியமா தெரியும்? நீங்களும்தான் இங்க வேலை பாக்குறீங்க. நல்லாத்தானே இருக்கீங்க? உங்களுக்கும் குடும்பம், குட்டி..."

பாதியில் நிறுத்திக்கொண்டார். பெருநாளைக்குக்கூட இவள் லீவு எடுத்து எங்கும் போய் அவர் பார்த்ததில்லை. இவளைத் தேடி யாரும் வந்தும் பார்த்ததில்லை.

மன்னூபியா ஜன்னலை விட்டு நகரவில்லை.

"பதினாலு வயசுல என்னையும் போலீஸ் வண்டியிலதான் சார் இங்க கொண்டாந்து இறக்கினாங்க. நல்ல பொண்ணுன்னு இங்கயே வேலை போட்டுக் குடுத்தாங்க. எல்லாரும் கைதட்டினாங்க. நான் இன்னும் விடுதலை ஆகல சார்."