வெண்கலத்துக்கு வராத வசனம்

“நாலே நாலு வரி! இதைச் சொல்றதுக்குக் காலையிலேர்ந்து இந்தப் பாடா?”

டைரக்டர் போட்ட சத்தத்தில் டீ கொண்டுவந்தவர் வாசலோடு நின்றுவிட்டார்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மைக் முன்னால் நின்றவர் தலையைக் குனிந்துகொண்டார். சினிமாவுக்குக் குரல் கொடுப்பதில் அவரை அடிச்சுக்க ஆள் கிடையாது. எல்லாருக்கும் அவர் ‘வெண்கலம்’. வில்லனைப் பார்த்து அந்தக் குரல் ஒரு சவால் விட்டால் தியேட்டரில் சட்டையைக் கழற்றிச் சுழற்றுவார்கள். அப்பேர்ப்பட்ட வாய், இன்றைக்கு என்ன வந்ததோ, திக்கித் திணறியது.

இந்தப் பக்கம் ஒலிப்பதிவு செய்கிறவருக்கு ‘காது’ என்று பட்டப்பெயர். பக்கத்துத் தெருவில் ஊசி விழுந்தாலும் பிடித்துவிடுவார் என்று ஸ்டூடியோவில் கேலி செய்வார்கள்.

படம் என்னவோ நல்ல படம்தான். உடம்புக்கும் மனசுக்கும் வந்ததை யாரிடமும் சொல்லாமல் உள்ளுக்குள்ளேயே பூட்டி வைக்கிற ஒரு குடும்பஸ்தன் கதை. ‘ஆம்பளைங்களும் மனசு விட்டுப் பேசணும்’ என்று டைரக்டர் போகிற டிவியில் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் கதாநாயகன் மனைவிக்குப் போன் போட்டு, ‘எனக்கு முடியல, கூடவே இரு’ என்று உடைகிற இடம்தான் படத்துக்கே உயிர்.

அங்கேதான் வண்டி நின்றுபோயிருந்தது.

“அண்ணே, முடியலன்னு சொல்லச் சொன்னா, நீங்க சொல்றது எவனையோ முடிச்சிடுவேன்னு மிரட்டற மாதிரி இருக்கு!”

அறையில் எல்லாரும் சிரித்தார்கள். வெண்கலமும் சிரித்துவைத்தார்.

“வசனத்தைக் கொஞ்சம் மாத்திக்கலாமே தம்பி. எந்த ஆம்பளை பொண்டாட்டிகிட்ட இப்படியெல்லாம் பேசுவான்? கேட்டா அவ சிரிச்சிட மாட்டா?”

“இந்தப் புத்தியை மாத்தத்தானே நான் படமே எடுக்கறேன்!”

சரியான சூடு, என்று நினைத்துக்கொண்டார் காது. வயசு ஏறியும் இந்த மனுஷனுக்கு வீம்பு இறங்கவில்லையே!

மறுபடி எடுத்தார்கள். மறுபடி சொதப்பல்.

டைரக்டர் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் போட்டார். “ஆம்பளையா லட்சணமா ஒரே டேக்கில முடிச்சுக் குடுங்கண்ணே. இல்லன்னா சொல்லிடுங்க, வெளியில வேற ஆளை வரவெச்சு உட்காரவெச்சிருக்கேன்.”

வெண்கலத்தின் முகத்தில் ரத்தமே இல்லை. சட்டைப்பையைத் தடவிக்கொண்டே கண்ணாடிக்கு முதுகைத் திருப்பிக்கொண்டார்.

“லைட்டை அணைச்சிடுங்க” என்றார். “நடுவுல யாரும் என்னைக் கூப்பிடாதீங்க.”

அழுகைக் காட்சிக்கு இருட்டுக் கேட்பது இந்தத் தொழிலில் சகஜம். கதாநாயகன் முதுகைக் காட்டி நிற்கிற காட்சி என்பதால், வாயசைப்பு ஒட்டவேண்டிய கவலையும் இல்லை. காது விளக்கை அணைத்துவிட்டுப் பதிவை ஓடவிட்டார்.

சத்தமே இல்லை. டைரக்டர் பெருமூச்சு விட்டார்.

“நான்தான்…”

காதுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது வெண்கலமே இல்லை. ஈரத்துணியைப் பிழிந்த மாதிரி ஒரு குரல்.

“ஒண்ணுமில்ல… இல்ல, இருக்கு. எனக்கு முடியல. தூங்கி ரொம்ப நாளாச்சு. உன் பக்கத்துல படுத்துக்கிட்டுத் தூங்கற மாதிரி நடிக்கறேன்.”

நிறுத்தினார். எதிர்முனையில் யாரோ பேசுவதைக் கேட்கிற மாதிரியே ஓர் இடைவெளி. என்ன நடிப்பு!

டைரக்டர் வசனத் தாளை அவசரமாகப் புரட்டினார். “இது தாள்லயே இல்லையே! சொந்தமா அடிச்சு விடறாரு. நீ நிறுத்தாதே, ஓடட்டும்” என்று கிசுகிசுத்தார்.

“நெஞ்சு படபடங்குது. டாக்டரைப் பார்த்துட்டேன்னு சொன்னேன் பாரு, அது பொய். வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன். உள்ளே போனா என்ன சொல்லுவாங்களோன்னு பயம்.”

மறுபடி இடைவெளி. மூக்கை உறிஞ்சும் சத்தம்.

“துணி எடுக்க என்னை மொட்டைமாடிக்கு அனுப்பாதே. அங்கே போய் நின்னா… எனக்கு என்மேலயே நம்பிக்கை இல்ல.”

வாசலில் நின்றவர் டீத்தட்டைத் தரையில் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

உள்ளே சத்தம் அடங்கியது.

“பிரமாதம்!” டைரக்டர் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார். “தியேட்டரே அழப்போகுது! நடிகன்னா இவர்தான்யா நடிகன்! அண்ணே, எதுக்கும் இருக்கட்டும், இதே மாதிரி இன்னொரு டேக் குடுங்க!”



காதின் நெற்றி சுருங்கியிருந்தது. அந்த இடைவெளிகளில் பூச்சி பறக்கிற மாதிரி ஒரு சத்தம் ஒட்டியிருந்தது. மைக்கில் கோளாறோ என்று பதிவைப் பின்னுக்குத் தள்ளி, கடைசி வரிக்குப் பின்னால் வந்த இடைவெளியிலிருந்து ஓடவிட்டு, ஒலியை முழுசாக ஏற்றினார்.

“என்னப்பா, மிஷின்ல ஏதாவது…” என்று ஆரம்பித்த டைரக்டருக்கு வாய் அப்படியே நின்றுவிட்டது.

ஸ்பீக்கரில், ஒரு செல்போனுக்குள்ளிருந்து, பெண் குரல் ஒன்று மூச்சிரைக்கச் சொல்லிக்கொண்டிருந்தது: “ஸ்டூடியோலதானே இருக்கீங்க? அந்த இடத்தை விட்டு நகராதீங்க. செருப்பு மாட்டிட்டேன்… இதோ, வந்துட்டே இருக்கேன்.”