ஞாயிற்றுக்கிழமைக் கொத்துக்கறி

அண்ணன் மதினியை உள்ளே இழுத்துப்போய்க் கதவைச் சாத்தியதும் அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"கொத்து."

முற்றத்தில் நான் இரண்டு கத்திகளையும் எடுத்துக் கறியைக் கொத்தினேன். புளியமரக் கட்டை அதிர்ந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் முதல் அடி விழுந்தது எனக்குக் கேட்டது. தெருவுக்குக் கேட்டிருக்காது.

அண்ணன் அருஞ்சுனை மூன்று வருடம் கொடைக்கானலில் ஓட்டல் அடுப்படியில் நின்றவன். அங்கே வெள்ளைக்காரர்கள் காலையில் தின்பது அவனுக்கு இங்கேயும் வேண்டும். அவன் அதை சாசேஜ் என்பான். அம்மா கறிவடை என்பாள்.

எம்.ரெட்டியபட்டிப் பண்ணையிலிருந்து பன்றிக்கறியை அவனே வாங்கி வருவான். மூன்று பங்கு கறிக்கு ஒரு பங்கு கொழுப்பு. மிளகு, சோம்பு, உப்பு, ஒரு கிள்ளு கருப்பட்டி. அவன் சொல்லும் இலை இந்தப் பக்கம் கிடைக்காது. ஓமவல்லியை நறுக்கிப் போடுவோம்.

மிக்ஸியில் அரைத்தால் கூழாகிவிடும். கையால்தான் கொத்த வேண்டும். கொழுப்பு வெள்ளைப் பொட்டுகளாகத் தெரியும்போதே நிறுத்திவிட வேண்டும்.

இன்று மதினி, மில்லு வேலைக்குப் போகிறேன் என்றாள். வேன் வாசலுக்கே வரும் என்றும் சொன்னாள்.

"எவன் ஓட்டுற வேனு?" என்று அண்ணன் கேட்டான். அவ்வளவுதான்.

கொத்தினேன். உள்ளே பெல்ட் விழுந்தது. கொத்தினேன். மதினியின் தலை பீரோவில் மோதியது. பீரோக் கண்ணாடி உடைந்து கொட்டியது.

அம்மா அரிவாள்மனையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். "கை அசந்துபோச்சா? வேகமா கொத்துடி."

வெள்ளைப் பொட்டுகள் எப்போதோ போய்விட்டன. கறி சேறாகிக் கத்தியில் ஒட்டியது. இதைத் தட்டிக் கல்லில் போட்டால் ரப்பராகிவிடும். அதற்கும் அடி விழும். மதினிக்குத்தான்.

"அத்தை, அவுகள நிறுத்தச் சொல்லுங்க. செத்துப்போவேன்."

அம்மா அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

தெருக்குழாயில் தண்ணீர் வரும் நேரம். பத்துப் பன்னிரண்டு பேர் குடத்தோடு நிற்பார்கள். அவர்களில் ஒருத்தி வந்து கதவைத் தட்டினால் போதும். வெளியாள் முன்னால் அண்ணன் குரலைக்கூட உயர்த்த மாட்டான். கை நின்றுவிடும்.

நான் கத்திகளைக் கட்டையின் மேல் வைத்தேன்.

மதினியின் குரல் சுவரைத் தாண்டித் தெருவுக்குப் போனது. குழாயடியில் பேச்சு நின்றது.

அம்மா எழுந்து வந்து என் கன்னத்தில் அறைந்தாள். இரண்டாவது அறையில் உதடு கிழிந்தது. நான் கத்தியைத் தொடவில்லை.

சுவருக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. பக்கத்து வீட்டுச் சோலையம்மாள் சித்தி. இடுப்புக் குடத்தோடு எட்டிப் பார்த்தாள். எனக்கு மூச்சு வந்தது.

"ஏத்தா, ஏன் நிறுத்திட்ட?" என்றாள், கோபமே இல்லாமல். "சின்னப்பிள்ளைக காதுல விழுதுல்ல. கொத்து."

உள்ளே மதினிக்கும் அது கேட்டிருக்க வேண்டும். அதன் பிறகு அவள் கத்தவில்லை.