வளைவுக்கு இந்தப் பக்கம்

ரயில் நின்றுவிட்டது.

ஓட்டுநரின் கை மட்டும் பிரேக்கை விடவில்லை. விடச் சொன்னாலும் விடாது போலிருந்தது.

முன்னால் காட்டு வளைவு. விடிந்தும் விடியாத வெளிச்சம். தண்டவாளத்தை மூடிக்கொண்டு பனி.

யானை ஒன்றும் தெரியவில்லை.

"கேமராவுக்குத் தெரியுதாம் சார்." ஸ்டேஷன் மாஸ்டர் வாக்கி டாக்கியில் சொன்னதைத் துணை ஓட்டுநர் ஜெசிந்தா அப்படியே சொன்னாள். "ஒம்பது உருப்படி. சரிவுல இறங்கி வருதாம்."

பனியிலும் யானையின் உடற்சூட்டைக் கண்டு தகவல் சொல்ல, தண்டவாளத்தோரக் கோபுரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அந்தக் கேமராவை அவர் நம்பியவரில்லை. எருமை போனாலும் யானை என்று கத்தும் என்று ஓய்வறையில் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

இன்று அது சொன்ன உடனே நிறுத்தினார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் இந்தக் கோபுரம் கிடையாது. இதே வளைவு, இதே பனி. கண்ணில் பட்டபோது நூறடிகூட இல்லை. பிரேக்கைப் போட்டார்தான். ஓடுகிற ரயில் யார் பேச்சைக் கேட்கும்?

பெண் யானை. அடிபட்டு அங்கேயே செத்தது.

அவர்மேல் தப்பில்லை என்று காகிதத்தில் எழுதியே கொடுத்தார்கள். காகிதத்தை வீட்டில் எங்கே வைத்தார் என்பது இப்போது ஞாபகமில்லை. அந்தச் சத்தம் மட்டும் எங்கேயும் போகவில்லை. டிப்போவில் அந்தக் கதை தெரியாதவர் கிடையாது. ஒருவரும் அவரிடம் கேட்டதும் கிடையாது.

முதல் பெட்டியின் வாசலில் தொங்கியபடி ஒருவர் கத்தினார்.

"ஏனுங்க, டீ குடிக்கவா நிறுத்துனீங்க? சொல்லியிருந்தா நாங்களும் வந்திருப்பமுங்கல்ல?"

"யானைங்க. சத்தம் போடாம உள்ள போங்க," என்றாள் ஜெசிந்தா.

தலை உள்ளே போய்விட்டது.

ஐந்து நிமிடம். ஏழு.

கேமரா தப்பாகச் சொல்லியிருந்தால் தாமதத்துக்கு விளக்கம் எழுத வேண்டும். எழுதிவிட்டுப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டார். அதை எழுத அவருக்கு ஆசையாகக்கூட இருந்தது.

பனி ஓரிடத்தில் மட்டும் கறுத்தது.

முதலில் ஒரு கால். அப்புறம்தான் யானை.

அதற்கு அவசரமே இல்லை. பந்திக்கு எழுந்து போகிற பெரிய மனுஷி மாதிரி நடந்து வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அதன் வாலை உரசிக்கொண்டு இன்னொன்று.

உதடு அசைய அவர் எண்ணினார்.

ஏழாவது, குட்டி. தும்பிக்கையால் இரும்பைத் தடவிப் பார்த்துவிட்டு நட்டநடுவில் நின்றுகொண்டது. பின்னால் வந்தது முதுகில் ஒரு தள்ளு தள்ளியது. குட்டி ஓட்டம் பிடித்தது.

ஜெசிந்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

எட்டு.

ஒன்பது.

புதர் அசைந்து, அடங்கியது.

அவர் கை தானாக இறங்கி மடியில் கிடந்தது. இந்த இரண்டு வருடத்தில் அப்படி ஒரு மூச்சு அவர் விட்டதில்லை.

வாக்கி டாக்கி கரகரத்தது.

"எல்லாம் தாண்டியாச்சா? கேமராவுல இப்ப ஒண்ணையும் காணமே. வண்டிய எடுத்துரலாமா?"

அவர் பிரேக்கைத் தொடவில்லை. காலியான தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், இன்னும் வர வேண்டிய யாருக்கோ வழி விட்டு நிற்பவர் போல.

ஜெசிந்தா அவர் முகத்தைப் பார்த்தாள். அவளும் ஒன்பதுதான் எண்ணியிருந்தாள்.

வாக்கி டாக்கியை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"இன்னும் ஒண்ணு இருக்கு மாஸ்டர். அதுவும் தாண்டிரட்டும்."