மூன்றாவது தீவு

காலை ஏழு நாற்பது.

கப்பலின் பக்கவாட்டுக் கதவு திறந்திருந்தது. வெளியே கடல். கடல்மேல் ஒரு சிறு படகு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

பெரிய கப்பல் கரையணைய இங்கே ஆழமில்லை. தீவுக்குப் போகிறவர்கள் அந்தப் படகுக்கு மாற வேண்டும். ஓர் எட்டு வைக்கும் தூரம்.

கீழே தண்ணீர்.

அவர் வரிசையில் நின்றார். அவருக்கு முன்னால் மனைவி, கைத்தடியுடன்.

மூன்று தீவுகளில் இது கடைசி. நாளை காலை கொச்சி.

முதல் தீவு வந்தபோது, அவளுக்கு முட்டி சரியில்லை என்றார். இருவரும் மேல்தளத்தில் உட்கார்ந்து மற்றவர்கள் போவதைப் பார்த்தார்கள்.

இரண்டாவது தீவிலும் அதையே சொன்னார்.

அவள் மறுக்கவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த வறுத்த கடலையை ஒவ்வொன்றாகத் தோல் நீக்கித் தின்றாள்.

அவர் முட்டிக்கு ஒரு குறையும் இல்லை.

முப்பத்திரண்டு வருடம் ரயில்வே கார்டு. கொடி காட்டிவிட்டு, நகரத் தொடங்கிய வண்டியில் ஏறியவர். மழையில் ஏறியிருக்கிறார். காய்ச்சலோடு ஏறியிருக்கிறார்.

ஆனால் நடைமேடை அசையாது.

இங்கே கப்பலும் நிற்கவில்லை. படகும் நிற்கவில்லை.

இரண்டு நாளாக மேலிருந்து பார்த்துப் பார்த்து எல்லாம் தெரிந்துகொண்டிருந்தார். படகு மேலே வரும்போது கால் வைக்க வேண்டும். கீழே பார்க்கக் கூடாது. மாலுமி முழங்கைக்கு மேலே பிடிப்பார். உடம்பை அவரிடம் விட்டுவிட வேண்டும்.

குழந்தைகள் தாண்டினார்கள். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு மதுரைக் கூட்டம் முழுக்கச் சிரித்தபடி தாண்டியது.

தெரிந்தும் பயம் குறையவில்லை. படுத்துக் கண்ணை மூடினால் அந்த இடைவெளி. அகலும். குறுகும். அகலும்.

பயந்து பயந்தே உடம்பு அசந்துபோயிருந்தது.

நேற்று மாலை அவள் குளிக்கப் போன நேரம், கீழே வரவேற்பு மேசைக்குப் போனார். மனைவிக்கு மூட்டு அறுவைசிகிச்சை ஆகி எட்டு மாதம்தான் ஆகிறது, படகில் ஏற்றலாமா என்று கேட்டார்.

கூடாது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள் என்று நினைத்தார்.

மேசையில் இருந்த பெண் அறை எண்ணை மட்டும் குறித்துக்கொண்டாள்.

இப்போது கதவருகே ஒரு மாலுமி பட்டியலைப் பார்த்தார். சட்டையில் ரொட்ரிகோ என்ற பெயர். தூத்துக்குடிப் பேச்சு.

"நானூத்திப் பன்னெண்டா? அம்மா, நீங்க இப்படி வாங்க."

தரையில் இரண்டு வெள்ளை டேப் ஒட்டியிருந்தது. நடுவில் ஒன்றரை அடி.

"சார் நேத்து வந்து சொல்லியிருக்காங்க, உங்களுக்குக் கால் முடியாதுன்னு. ஒண்ணுமில்லம்மா. கம்பு இல்லாம இதைத் தாண்டிக் காட்டுங்க. தாண்டிட்டா ஏத்திருவோம்."

அவள் திரும்பிக் கணவரைப் பார்த்தாள்.

அதிக நேரம் பார்க்கவில்லை.

கைத்தடியை அவரிடம் நீட்டினாள். சேலைக் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தாள். தாண்டினாள்.

யாரும் கேட்காமலே திரும்பி நின்று மறுபடி தாண்டினாள்.

"என்ன சார், இந்தக் காலையா முடியாதுன்னீங்க?"

வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவரும் சிரித்துவைத்தார்.

அறுவைசிகிச்சை வேண்டாம் என்று ஆறு வருடம் தள்ளிப்போட்டவள். கப்பல் பயணத்தைப் பற்றி யாரோ சொன்ன மாதத்தில்தான் சரி என்றாள். பிறகு தினமும் விடியலில் கூடத்தின் நீளத்துக்குக் கால் தூக்கித் தூக்கி நடந்தாள். டாக்டர் சொன்ன பயிற்சி என்று நினைத்து அவர் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

அவள் கதவுக்குப் போனாள்.

படகு எழுந்தது. மாலுமி அவள் கையைப் பிடித்தார்.

அவள் கீழே பார்த்தாள். நிதானமாக, நன்றாகப் பார்த்தாள்.

கால் வைத்தாள்.

படகில் ஓரத்து இருக்கையில் உட்கார்ந்தாள். பக்கத்து இருக்கையில் தன் பையை வைத்து இடம் பிடித்தாள்.

"சார், அடுத்து நீங்க."

படகு தாழ்ந்தது. எழுந்தது. இப்போது என்று தனக்குச் சொல்லிக்கொண்டார். படகு தாழ்ந்தது.

அடுத்த முறை.

மறுபடி எழுந்தது. கைத்தடியின் பிடி உள்ளங்கையில் ஈரமாக வழுக்கியது.

பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள். "அண்ணாச்சி, ஏறுறீங்களா, வழி விடுறீங்களா?"

அவர் சுவரோரம் ஒதுங்கினார். பெண் போனாள். அவள் கணவன் போனான். இரண்டு பிள்ளைகள் போனார்கள். இன்னும் நான்கைந்து பேர் போனார்கள். ஒவ்வொருவருக்கும் படகு எழுந்து கொடுத்தது.

படகு நிறைந்துகொண்டு வந்தது. கடைசியாக ஏறிய ஒரு பெரியவர் உட்கார இடம் தேடி நின்றார்.

மனைவி கதவுப் பக்கம் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

முகத்தில் கோபம் இல்லை. இன்ஜின் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்திக் கேட்டாள்.

"உங்களுக்கு என்ன வாங்கிட்டு வரட்டும்?"