சரியான விடை

கிட்ட வாங்க மக்களே, உள்ளங்கை அளவு கதை ஒன்று சொல்லுகிறேன்.

சீமையில் சண்டை நடக்கிற வருஷம். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடம். தேவசிகாமணி வாத்தியார் மேல்வகுப்புக்குப் பொருள்நூல் நடத்துகிறார். ஓட்டு இடுக்கில் இறங்கும் வெயில், கரும்பலகையில் ‘விலை’ என்ற சொல்லின் மேல் நிற்கிறது. “நாளைக்கு நெல்லு விலை ஏறும்னு தெரிஞ்சா, சரக்கு வச்சிருக்கவரு இன்னைக்கு என்ன செய்வாரு?” ஊரில் நெல் கிடைக்காமல் பாதிப் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வந்திருக்கிறார்கள். நெல் மண்டிக்காரர் மகன் அப்பாத்துரை எழுந்திருக்கிறான். எந்தக் கேள்விக்கும் விழிக்கிறவன். இதற்கு மட்டும் விடை தெரிந்துவிட்ட சந்தோஷம் முகத்தில். “விக்க மாட்டாரு சார். அறையில அடுக்கிப் பூட்டிட்டு, இல்லேன்னு சொல்லிருவாரு. எங்க ஐயா அப்படித்தான் செய்யுதாரு.” சுண்ணக்கட்டி பலகையிலேயே நின்றுவிடுகிறது. பக்கத்தில் இருக்கும் நெசவுக்காரர் மகன் நூகு பைய நிமிர்கிறான். “நேத்து எங்க வாப்பா ஒங்க மண்டி வாசல்ல பொழுதடைய நின்னாவ. ஒரு மணி நெல்லு கெடையாதுன்னு சொன்னாரேலே, ஒங்க ஐயா.” அப்பாத்துரையின் காதுமடல் சிவக்கிறது. பின்னால் யாரோ செருமுகிறார்கள். வாத்தியார் அவன் முகத்தைப் பார்க்காமல், “விடை சரிதான். உக்காரு” என்கிறார். அவன் திரும்புகிறான். பெஞ்சில் இருக்கிறவர்கள் சத்தமில்லாமல் நகர்ந்து, அவன் இருந்த இடத்தையும் நிரவி உட்கார்ந்திருக்கிறார்கள். அவன் நின்றுகொண்டே இருக்கிறான்.

உங்கள் வீட்டில் நெல் நிறைந்திருக்கட்டும் மக்களே. கேட்டு வருகிறவரிடம் ‘இருக்கு’ என்று சொல்லுகிற வாயும் இருக்கட்டும்.