முகர்ந்து சொல்பவள்

பெட்ரோல் தொட்டிகளைத் தோண்டியெடுத்த பள்ளத்தின் விளிம்பில், நாலு மரக்கால்களில், ஆரபாவின் கஞ்சிக்கடை நிற்கிறது. தக்கோராடி நகரத்துக் காலை வெயில் பள்ளத்துக்குள் சரிந்து, எண்ணெய் ஊறிய கறுப்பு மண்ணில் நீலமாய் மினுங்குகிறது. எண்ணெய் கசிந்து போன பக்கமெல்லாம் மண்ணை வெட்டியெடுத்துக்கொண்டே வந்து, இன்று கடைக்கு ஒரு முழம் தள்ளி நிற்கிறோம். மூன்று வாரமாய் உள்ளேயே கிடந்ததில் எங்கள் மூக்குகள் செத்துவிட்டன. அதனால் மண்ணை முகர்ந்து சொல்வது அவள்தான். வாடை இல்லையென்றால் வெட்டு இதோடு நிற்கும், கடை பிழைக்கும்.

எசுமான் என்கிற எங்கள் மேஸ்திரி ஒரு பிடி மண்ணை நீட்டுகிறார். "ஆரபா அக்கா, சளி பிடிச்சிருந்தா சளின்னு சொல்லிடு. நாங்க ஒண்ணும் கேக்க மாட்டோம்."

"எனக்கு ஒரு சளியும் இல்ல. குடு இங்க."

கையை இடுப்புத்துணியில் துடைத்துக்கொண்டு, கண்ணை மூடி முகர்கிறாள். சட்டியில் காராமணி வடை பொரிகிற சத்தம் மட்டும் கேட்கிறது. நாங்கள் ஐந்து பேரும் மண்வெட்டியில் சாய்ந்தபடி அவள் முகத்தையே பார்க்கிறோம். இன்னொரு முறை முகர்கிறாள்.

"நாறுது," என்கிறாள். "பின்னாடி ஊர்க் கெணறு இருக்குடா. வெட்டுங்க."

யாரும் மண்வெட்டியை ஓங்கவில்லை. எசுமான் மேலே ஏறிக் கடையின் ஒரு காலைப் பிடிக்கிறார். ஆளுக்கொரு பக்கமாய் நாங்களும் பிடிக்கிறோம்.

"மெதுவா! தகரம் ஓட்டைடா, தடியனுங்களா!"

தகரக் கூரையோடு கடை எங்கள் தோளில் சாலையைக் கடக்கிறது. கஞ்சிப் பானையோடு முன்னால் நடக்கிறவளுக்கு மினிபஸ்கள் நின்று வழிவிடுகின்றன.