விதைத் தட்டில் வெள்ளை

கத்தரி விதைத் தட்டில் மறுபடியும் வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருப்பதை ஸஞ்சனா பார்த்தாள். தவறிப்போன அப்பாவின் பையில் கிடைத்த விதைகள் அவை. அந்த ரகம் வேறெங்கும் கிடைக்கவில்லை. முளைத்ததே ஆறு. அதில் நான்கு அழுகிச் சாய்ந்துவிட்டன.

"தண்ணிய ஜாஸ்தி விடறே போலிருக்கும்மா," என்றார் மாமனார் சக்ரபாணி.

"ஒரு சொட்டு விடலை மாமா. நீங்க ஏதாவது விடறேளா?"

"நான் எதுக்கும்மா தண்ணி விடப்போறேன்?"

மேல்மண்ணை ஸ்பூனால் சுரண்டி எடுத்து, பூஞ்சைக்கு மருந்தாக லவங்கப் பட்டைப்பொடி தூவினாள். காற்றுப் படட்டும் என்று மின்விசிறியையும் அந்தப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, ஹெப்பாள் போகும் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். மாலையில் வந்து தொட்டுப் பார்த்தால் மண் சொதசொதவென்று இருந்தது. புளித்த வாடை வேறு.

மறுநாள் லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே காவல் இருந்தாள்.

பூஜை முடித்த சக்ரபாணி வெள்ளி வட்டிலோடு ஜன்னலோரம் வந்தார். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தபடி அதைத் தட்டில் சாய்த்தார்.

"என்ன மாமா அது?"

"சாளக்கிராமத்துக்குத் திருமஞ்சனம் பண்ணின பால்மா. கால் படற இடத்துல கொட்டப்படாதே, இந்த அபார்ட்மென்ட்ல வேற மண்ணு ஏது?"

அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீ கலங்கி நிக்கறதைப் பாக்க முடியலைம்மா. ஒவ்வொண்ணு சாயறப்பவும் பாலைக் கொஞ்சம் கூட்டிண்டே வந்தேன். மிச்சம் ரெண்டையாவது பெருமாள் காப்பாத்தட்டும்னு இன்னிக்கு முழு பாக்கெட்டையும் விட்டுட்டேன்."